காய்ச்சல் நாளின் கூலி

"ஒடிசாக்காரங்க ஊசின்னாலே பயந்து ஓடுவாங்க." எங்கள் மாதாந்திரக் கூட்டங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஓடுவதாகச் சொல்லப்படுபவர்கள் எப்போதும் அம்மாக்கள்தான். அப்பாக்களைப் பற்றிப் பேச்சே எழாது.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். என் பகுதியில் செங்கல் சூளைகள் உண்டு. அறுவடை முடிந்ததும் பலாங்கிர், நுவாபாடா பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். மழைக்கு முன், ஜூன் வாக்கில் திரும்புவார்கள். ஊரிலேயே முன்பணம் வாங்கியிருப்பார்கள். அறுக்கும் ஒவ்வொரு ஆயிரம் கல்லுக்கும் அந்தக் கடனில் கொஞ்சம் கழியும். மண் குழைப்பதிலும் கல் அடுக்குவதிலும் அவள் உழைப்பு இருக்கிறது. கணக்கு நோட்டில் இருப்பது அவன் பெயர்.

குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்ட பிள்ளை தூளியில் கிடக்காது, இடுப்பை விட்டு இறங்காது. மூன்றாவது வருடமாக வரும் ஒருத்தி அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "ஊசி நல்லதுதான் தீதி. நாளைக்கு இவ அழுதா என் வேலைய யாரு பாக்குறது?" இதில் அறியாமை எங்கே இருக்கிறது? கணக்குதான் இருக்கிறது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். விடியுமுன்பே வேலைக்கு இறங்கியவளைப் பகலில் துணை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்வது, ஒரு நாள் கூலியை விடச் சொல்வதுதான். அதனால் நாங்கள் சூளைக்கே போகத் தொடங்கினோம். வாரச் செலவுக்குக் காசு கொடுத்து அரைநாள் விடும் நாளுக்கு முந்தின மாலையில் போவோம். காய்ச்சல் வந்தால் ஓய்வு நாளில் வரட்டும். அங்கேயே வேலை செய்யும் ஒரு பெண் ஒடியாவில் விளக்குவாள்: காய்ச்சல் ஏன் வரும், பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும். மேஸ்திரியைத் தள்ளி நிற்கச் சொல்வேன். அவர் பக்கத்தில் இருந்தால் பெண்கள் எதையும் கேட்கமாட்டார்கள்.

பலரிடம் அட்டை இருக்காது, ஊரில் விட்டு வந்திருப்பார்கள். இடது தோளில் தழும்பு இருந்தால் பிசிஜி போட்டது தெரியும், மற்றவை தெரியாது. அதற்காகத் திருப்பி அனுப்புவதில்லை, வயதுக்கு உரியதைத் தொடங்கிவிடுவோம். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஒன்று அங்கேயும் மற்றது இங்கேயும் போட வேண்டி வரும் என்பதால் புது அட்டை எழுதிக் கொடுப்போம். போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதாது, போன் கணவரிடம் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் கையில்தான் தருகிறேன்.

நெருக்கியடித்த குடிசைகளில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் வரிசை முழுக்கப் பரவும். அப்போதும் வேலையை விட்டுப் பக்கத்தில் உட்காரப் போவது அவள்தான். கூட்டங்களில் விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம் நான் ஒன்றைக் கேட்கிறேன்: பிள்ளைக்கு ஊசி போட்ட மறுநாள், தாய்க்குக் கூலியோடு விடுப்பு. இதுவரை அது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.