ஐந்து நிமிஷம் முன்னே

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்பொழுதும் ஐந்து நிமிஷம் முன்னாலேதான் ஓடும். அப்பா காலத்து வழக்கம் அது. ரேடியோவில் செய்திக்கு முன்னால் 'பீப், பீப்' என்று சத்தம் வந்ததும் எழுந்து போய் முள்ளைச் சரியாக வைப்பார். வைத்த கையோடு அதை ஐந்து நிமிஷம் முன்னே தள்ளியும் விடுவார். "ரயில் நமக்காக நிற்காதடா" என்பார். அந்தப் பரம்பரைச் சொத்தை நான் விடலாமா? சென்ற வருஷம் தீபாவளிக்கு மறுநாள், கம்ப்யூட்டரில் இருந்த மணியையும் ஐந்து நிமிஷம் முன்னே தள்ளினேன். அது லேசில் சம்மதிக்கவில்லை. நேரத்தைத் தானாகவே சரி செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று அதற்குள் இருந்தது. அதை அணைத்த பிறகுதான் என் வழிக்கு வந்தது. வெற்றி வீரனைப் போல் எழுந்து போய்க் காபி குடித்தேன்.

இந்தப் புரட்டாசியில் திருநெல்வேலியிலிருந்து தகவல் வந்தது. அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்.

"உள்ளே கொண்டு போறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பாத்துடணும், தம்பி" என்றாள் போனில்.

"ஏழு மணிக்கே வந்து நிற்பேன், அக்கா" என்றேன்.

புதன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸுக்கு, செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் தத்கால் டிக்கெட். பத்தரைக்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நம்முடையதுதான் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறதே! அது 11-5 காட்டும்போது சரியாக 11 என்று கணக்குப் போட்டு, 11-5 ஆனதும் அமுக்கினேன். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருந்தது.

கைப்பேசியைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அதில்தான் என் மனைவி அக்காவின் மருமகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கிப் பார்த்தேன். அதில் 11-10, கம்ப்யூட்டரில் 11-7.

பக்கத்து வீட்டு இஞ்சினீயரிங் மாணவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இதுக்குள்ளே இருக்கிறதும் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம்தான். நாளைக்கு ஒண்ணு, ஒண்ணரை விநாடி தப்பத்தான் செய்யும். வெளியிலே மணி கேட்டுக் கேட்டுத் திருத்திக்கும். நீங்கதான் அதோட வாயைக் கட்டிட்டீங்களே!"

பதினோரு மாதம், நாளுக்கு ஒன்றரை விநாடி. நான் கொடுத்த ஐந்து நிமிஷ முதலையும் தின்றுவிட்டு, மேலே மூன்று நிமிஷம் கடனும் வாங்கியிருந்தது என் கம்ப்யூட்டர்!

மணி கேட்பதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதில் வந்து சேருவதற்குள் அந்த மணி பழசாகிவிடுமே? எதிர் வீட்டுக்கு ஒரு பையனை அனுப்புகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நம் கடிகாரத்தில் 10-க்குப் புறப்படுகிறான். அவர்கள் கடிகாரத்தில் 10-7-க்குப் போய்ச் சேர்ந்து, 10-8-க்குக் கிளம்புகிறான். நம் கடிகாரத்தில் 10-5-க்குத் திரும்புகிறான். மொத்தம் ஐந்து நிமிஷம், அங்கே நின்றது ஒன்று, நடை நான்கு. போக இரண்டு, வர இரண்டு. ஆக, நமக்கு 10-2 ஆனபோது அவர்களுக்கு 10-7. நம்முடையது ஐந்து நிமிஷம் மந்தம்! பையன் வரும் வழியில் மட்டும் கோலி ஆட நின்றுவிட்டால் கணக்குக் கொஞ்சம் தப்பும். அதனால் ஒரே வீட்டை நம்பாமல் நாலு வீட்டில் கேட்பதும் உண்டு.

'நெட்வொர்க் டைம் புரோட்டோகால்' என்னும் இந்த முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர். 1985-இல் அதன் முதல் விதிமுறை வெளியாயிற்று. பிறவியிலேயே கண் நோய் கொண்டவர். பிற்காலத்தில் பார்வை முழுவதும் போய்விட்டது. உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மணி சொல்ல ஏற்பாடு செய்தவர், தம் சுவரிலே இருந்த கடிகாரத்தைப் பார்க்க முடியாமற் போனார். 2024 ஜனவரியில் தமது 85-ஆவது வயதில் காலமானார்.

எதிர் வீட்டுக்காரர் யாரைக் கேட்பார்? அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். உச்சியிலே அணுக் கடிகாரங்கள். நம் நாட்டு நேரத்தை டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடம் ஸீஸியம் கடிகாரங்களை வைத்துக் காக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பிசகு சொற்பமாயிருந்தால் மணி சட்டென்று குதிக்காது; ஓட்டத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிக்கட்டும். மணியைப் பின்னுக்கு இழுத்தால் பிள்ளை பிறந்த பிறகு தகப்பன் பிறந்ததாகக் கணக்கு எழுதிவிடுமாம்!

பையன் அந்த ஏற்பாட்டை மறுபடி போட்டுக் கொடுத்தான். நான் புதன் இரவு பஸ்ஸில் போனேன். வழியில் எங்கோ ரோடு வேலை. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது எட்டே முக்கால். கட்டில் காலி. தலையணையருகே அவள் மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு வெளியே கொண்டு வந்தார்கள். மயக்கம் முழுவதும் தெளியவில்லை. கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"மணி ஏழாயிட்டுதா, தம்பி?" என்று கேட்டாள்.

"ஆமாம், அக்கா" என்றேன்.