வேனில் இரவும் நித்திரையும்

கல்லூரித் தாயின் வரலாற்றையும் அவளுக்குத் தொண்டு புரிந்த பெரியோரின் சிறப்பையும் இம்மலரில் எழுதத் தக்கார் பலர் உளர். ஆதலின் யான் நித்திரையைப் பற்றி எழுதத் துணிந்தேன். பிற்பகற் பாடவேளையிற் கண்ணயர்ந்து வாங்கின்மேல் நிறுத்தப்பட்ட நண்பர் சிலர் இப்பொருளில் என்னினும் தகுதி வாய்ந்தோர். ஆயினும் அவர்கள் எழுத இசைந்திலர்.

நம் குடாநாட்டு வெயிலைப் பகலில் மரநிழல் தேடித் தப்பலாம். இரவுப் புழுக்கத்துக்குத் தப்புவது அரிது. சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறையும் ஆவணியில் மற்றொரு முறையும் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே நிற்கிறது. சூழவுள்ள கடலும் கடனீரேரியும் காற்றை ஈரமாக்குதலால், பாலைநிலத்திற் போல நள்ளிரவிற் குளிர் இறங்குவதில்லை. வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத காண்டாவன நாள்களில் வேப்பிலை ஒன்றேனும் அசையாது.

நித்திரை வருமுன் உடலின் உட்சூடு சிறிது தணிய வேண்டும். அதன்பொருட்டுக் கை கால்களின் தோலுக்குக் குருதி மிகுதியாகப் பாய்ந்து சூட்டை வெளியே விடுகிறது. காற்று அசையாமலும் ஈரமுற்றும் இருப்பின் வியர்வை உலராது. உலராத வியர்வை பாயை நனைக்குமேயன்றி உடலைக் குளிர்விக்காது. அறை முழுவதையும் குளிர்வித்தல் இதற்கொரு வழி. உடலின்மேற் காற்றை ஓடச்செய்தல் மற்றொரு வழி. நம் முன்னோர் கையாண்டது இரண்டாவது.

அவர்கள் கட்டிய நாற்சார் வீட்டில் நடுவே முற்றம் வானம் பார்த்துக் கிடந்தது. பகலிற் சேர்ந்த சூடு அவ்வழியே மேலெழ, விறாந்தையில் மெல்லிய காற்றோட்டம் பிறந்தது. ஓடு மெல்லியதாதலின் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிற்று. ஓட்டிடுக்குகளினூடாகவும் வெப்பம் கழிந்தது. கிடுகு வேய்ந்த குடிசையோ இதனினும் குளிர்ச்சி. மாலையிற் கிணற்றடியில் மேல் கழுவிவிட்டு, நாலு முழ வேட்டி ஒன்றை உடுத்து, முற்றத்திற் பாய் விரித்துக் கிடப்போம். அக்கிணற்று நீர் பகலிற் குளிர்ந்தும் விடியற்காலையில் இளஞ்சூடாகவும் தோன்றும். உண்மையில் அதன் வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. உறங்குமுன் உடலுக்கு ஏற்றது இத்தகைய நீரே. பனிக்கட்டி போன்ற நீர் தோலின் குருதிக்குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

ஆச்சியின் கையிற் பனையோலை விசிறி அசைந்துகொண்டேயிருக்கும். அவர் உறங்கிய பின்னரும் அது சிறிதுநேரம் அசைந்ததாக எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஆடி ஆவணியில் வளவின் மூலையிற் பனம்பழம் விழும் ஓசை கேட்டால், நித்திரையை உதறியெழுந்து ஓடுவோம். முந்தியவனுக்கே பழம். விடுதிச்சாலையிலும் ஒருவகையில் இதே ஏற்பாடுதான். நீண்ட மண்டபம், எதிரெதிரே யன்னல்கள். மிகுந்த புழுக்கமாயின் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குச் செல்ல அனுமதி.

முற்றத்து நித்திரை எம்மைவிட்டு அகன்றதற்குக் குளிரூட்டியின்மேல் மட்டும் பழிபோடுதல் நீதியாகாது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் உறங்கிய இரவுகளில், காற்று இல்லை. மேலே மண்மூடை, கீழே ஈரமண், பக்கத்திற் பிறர் மூச்சு. சற்று ஓய்ந்த நாள்களிற் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்துவிட்டு, அப்புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டு உறங்கினர். அக்காலத்தில் திறந்த முற்றம் அச்சம் தருவதாயிற்று. பின்னர் திருடர் பயம் யன்னல்களை அடைக்கச் செய்தது. வேலிகள் மதில்களாயின. வேலியின் கிடுகிடையே நுழைந்த காற்று மதிலில் முட்டி நின்றது.

அதன்மேற் கொங்கிறீற்றுத் தட்டு வந்தது. அது பகல் முழுதும் வெயிலைக் குடித்து, நாம் படுக்கைக்குச் செல்லும் வேளையில் அறைக்குள் உமிழ்கிறது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பலர், பெற்றோர் இளைப்பாறட்டும் என்னும் அன்பினால் இத்தகைய வீடுகளைக் கட்டுவித்து, அறைதோறும் குளிரூட்டி பொருத்துகின்றனர். அன்பிற் குறையில்லை, வீட்டின் அமைப்பிலே குறையுண்டு. 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபொழுது, குளிரூட்டியை நம்பிச் சிறு யன்னல் ஒன்றோடு கட்டப்பட்ட அறைகளில் முதியோர் விடியுமளவும் எழுந்திருந்தனர். ஓட்டு வீட்டு விறாந்தையிற் கிடந்தோர் ஒருவாறு உறங்கினர். முதுமையில் வியர்வையும் தாகவுணர்வும் குறைதலால் வெப்பம் அவர்களுக்கு வெறும் தொல்லை மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து.

நோயாளர் உள்ள வீட்டில் குளிரூட்டி வேண்டியதே. ஏனையோர்க்கு மின்விசிறி போதும் என்பது என் துணிபு. நம் இரவுக் காற்று எத்துணைப் புழுங்கினும் மனிதத் தோலின் வெப்பத்திற் குறைந்ததாகவே இருத்தலால், விசிறி நம்மைக் குளிர்விக்கத் தவறுவதில்லை. அதற்கு வேண்டும் மின்சாரமோ மிகச் சிறிது. தடித்த ரப்பர் மெத்தையை நீக்கிப் பாயோ மெல்லிய பஞ்சு மெத்தையோ இடலாம். தட்டின்மேல் வெண்சுண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். கிடுகு பரப்பினும் நன்று. அயலார் நகைப்பராயின் நகைக்கட்டும். புதிதாகக் கட்டுவோர் படுக்கையறைக்கு இரு சுவர்களில் யன்னல் வைத்து, நுளம்பு வலையும் உறுதியான கம்பியும் பொருத்துவாராயின் காற்றும் வரும், கள்வனும் வாரான். மலேரியா நம் நாட்டிலிருந்து நீங்கியதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது உண்மையே. எனினும் வலையைக் கைவிடுவதற்கில்லை. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. பகற்றூக்கம் விரும்பும் ஓய்வூதியக்காரர் இதனைக் கருத்திற் கொள்க.

என்னோடு பயின்ற அன்பரொருவர்க்கு அவர் மகன் கட்டிக்கொடுத்த வீட்டிற் குளிரூட்டிய அறை ஒன்றுண்டு. அதில் இப்பொழுது அவ்வாண்டு வெங்காயமும் பேரப்பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டியும் இருக்கின்றன. அவர் முன்விறாந்தையிற் கம்பி அடைத்து, வலை கட்டி, காலடியில் ஒரு மேசைவிசிறி வைத்துக்கொண்டு உறங்குகின்றார். மகன் வரும் மாதத்தில் மாத்திரம் வெங்காயம் குசினிக்கு இடம்பெயரும்.