புகையானும் ஆட்டோ ஃபோகஸும்

போன சம்பாவுல நடந்தது இது. மார்கழி முதல் வாரம். நாகூருக்கு மேற்கே நம்ம வயல்ல, நடுவுல நாலு முழத்துக்கு வட்டமா பயிர் மஞ்சளிச்சுக் கிடந்துச்சு. தூர்ல, தண்ணி மட்டத்தை ஒட்டி ஏதோ பொடிப்பொடியா இருந்த மாதிரி இருந்துச்சு. எனக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி வீட்டுல. போனை உள்ள விட்டு நாலு படம் எடுத்து, விவரம் தெரிஞ்ச ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன்.

"சத்துக் குறைவுதாங்க, யூரியா போடுங்க"ன்னார். போட்டேன். ஒரு வாரத்துல வட்டம் வட்டமா தீ வெச்ச மாதிரி காய்ஞ்சுபோச்சு. புகையான்! யூரியா அதுக்கு விருந்து. மூணு மாவுல ஒரு மா போயிடுச்சு.

ராத்திரி அந்தப் படங்களைப் பெருசாக்கிப் பார்த்தேன். முன்னால நின்ன ஒரு இலை நரம்பு நரம்பா தெரியுது. பின்னாடி தூரு வெறும் மங்கல். அவர் மேல என்ன குத்தம்? நான் காட்டினது இலையைத்தானே.

நாகூர்ல பழக்கமான பாய் ஒருத்தர், சிங்கப்பூர்லேர்ந்து திரும்பினவர், பழைய நிக்கான் எஃப்எம்2 வெச்சிருக்கார். படத்தைப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஆட்டோ ஃபோகஸுக்கு நெல்லும் தெரியாது, பூச்சியும் தெரியாது தம்பி. கிட்டக்க, ஓரம் பளிச்சுன்னு எது இருக்கோ அதுல போய் நின்னுக்கும்."

கேமராவைக் கையில குடுத்தார். கண்ணை வெச்சா நடுவுல சின்ன வட்டம். அதுல தர்கா மனாரா ரெண்டு துண்டா வெட்டுப்பட்டுத் தெரிஞ்சுது. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, ரெண்டும் நகர்ந்து வந்து ஒண்ணாச்சு. "சேர்ந்துச்சா? அதான் ஃபோகஸ்."

"அப்ப ஆட்டோ ஃபோகஸ் ஆகாதா பாய்?"

"யாரு சொன்னா? 1985-ல மினோல்டா 7000 வந்தப்ப நானும் சிரிச்சவன்தான். இப்ப கந்தூரி ஊர்வலத்துல ஓடுற புள்ளைங்களை எடுக்கணும்னா எனக்கும் அதுதான். என் கண்ணு மட்டும் சரியாவா இருக்கு?"

என் போன்லயும் 'ப்ரோ'ன்னு ஒண்ணு இருக்கு. அதுல எம்எஃப்னு ஒரு கோடு. ஒரு முனையில பூ, இன்னொரு முனையில மலை. பூப் பக்கம் தள்ளினா கிட்டக்க இருக்கிறது தெளியும். காத்து நிக்கிற நேரமாப் பார்த்து எடுக்கணும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நட்டிருக்கேன். வாரம் ஒருதரம் இறங்கி, பயிரை விலக்கி, முதல்ல கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்க்கிறேன். அப்புறம்தான் போன். போன வாரம் எடுத்த படத்துல பூச்சி நாலு, ஒண்ணொண்ணா எண்ணுற அளவுக்குத் தெரிஞ்சுது.

அன்னிக்கே தண்ணியை வடிச்சுட்டேன். யூரியா மூட்டை இன்னும் திண்ணையிலதான் இருக்கு.