மலையேறும் மின்சார சைக்கிள்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைத்தெருக்களோடு திரும்பிவிடுகிறார்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் பக்கமாக மலையுச்சிக்கு ஒரு குறுகிய சாலை ஏறுகிறது. உச்சியின் உயரம் 2,000 மீட்டருக்கும் அதிகம். தேயிலைச் செடிகள் முடிந்து, பாசி படர்ந்த காடு தொடங்கும் இடத்தில் குளிர் உடம்பைத் துளைக்கும்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் மின்சார சைக்கிளில் அந்த மலை ஏறினேன். மிதித்தால்தான் மோட்டார் உதவும். சும்மா உட்கார்ந்தால் நகராது. நாற்பதைத் தாண்டிய கால்களுக்கு அந்த உதவி பெரிது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும். வழியில் தீர்ந்துபோனால் 20 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தள்ளத்தான் வேண்டும்.

இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையில்லை, பிரேக்குக்குத்தான் வேலை. ஈரமும் மணலும் சேர்ந்தால் பிரேக் கட்டை சீக்கிரம் தேயும். இறங்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது உயிரைக் காக்கும். வீடு வந்ததும் சேற்றைத் துணியால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவாதீர்கள், மோட்டாருக்குள் புகுந்துவிடும்.

பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். எல்லாரும் உறங்கும் நேரத்திலோ, வாசலை மறித்தோ சார்ஜ் போட வேண்டாம். பழுதான பேட்டரி தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்காது.

வண்டியில் விலை அதிகமான உறுப்புகளில் பேட்டரியும் ஒன்று. சில ஆண்டுகளில் அதன் சக்தி குறையும். ஆகவே தவணைக்கு வாங்க நினைக்கும் பெற்றோரே, புதுப் பேட்டரி என்ன விலை என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணம் அதில் போய்விடக் கூடாது.