அழிப்புக் குறி போட்ட வரிகள்

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவன். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆறு வருசம் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அடித்திருக்கிறேன். நோட்டீசின் கடைசிப் பக்கத்தில் உபயதாரர் பட்டியல் வரும். ஊர்த்தெருக்காரர்கள் பெயரெல்லாம் சாதிவாலோடு வரும். மேளத்துக்கும் பந்தலுக்கும் உழைத்தவன் பெயர் வராது. அதையும் நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். அந்த வேலையில் எனக்குச் சேர்ந்த ஒரே சொத்து, பழைய எழுத்துருக்களைப் பற்றிய பழக்கம். திரையில் தாறுமாறாகக் கிடக்கிற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தே இது எந்தத் தமிழ் எழுத்துரு என்று சொல்லிவிடுவேன். இதற்காகத்தான் போன வருசம் அடையாறு தோழர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

விசயம் இதுதான். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு நம் இளைஞர்கள் பலர் ஊர் ஊராகப் போய், எங்கே எவ்வளவு பஞ்சமி நிலம் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதி வந்தார்கள். அப்படி எழுதியவற்றை ஒரு சிறிய குழு, கடன் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரில் பாக்ஸ்புரோவில் ஏற்றி வைத்தது. ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். அது ஒரு ஹார்டு டிஸ்கில், அட்டைப்பெட்டிக்குள், பரண்மேல் கிடந்தது. அதை எடுத்து இன்றைக்கு ஓடுகிற தரவுத்தளத்தில் போட வேண்டும், இளைஞர்கள் செல்போனிலேயே பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது யோசனை.

பஞ்சமி நிலம் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாணவத் தோழர்களுக்காக ஒரு வார்த்தை. செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை விவரித்து ஓர் அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று, அரசாணை எண் 1010 மூலம், தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. முதல் பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிபந்தனை எங்கே எழுதப்பட்டது? கிராமக் கணக்கில், ‘குறிப்பு’ என்கிற ஓரக் கட்டத்தில். டி.சி. நிலம் என்று இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்துதான் நமக்கு வேலி.

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் கணக்குகள் புதுப்பிக்கப்பட்டன. யூ.டி.ஆர். என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்கு எழுதும்போது, பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்து மட்டும் ஏறவில்லை. நிலம் ஏறியது, அளவு ஏறியது, தீர்வை ஏறியது. ஆக்கிரமித்திருந்தவன் பெயரும் பட்டாதாராக ஏறியது. பிறகு அதே புதிய கணக்கைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இன்றைக்கு இணையத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் பார்க்கலாம். பளிச்சென்று இருக்கிறது. காகிதத்தில் விடுபட்டது திரையிலும் விடுபட்டே இருக்கிறது. பழையதைப் புதியதாக மாற்றுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். கணக்கு மாறும்போதெல்லாம் நாம் நிலத்தை இழந்திருக்கிறோம்.

ஆகவே நாம் மாற்றும்போது ஒரு எழுத்துகூட விடுபடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். கூட ஒரு தம்பி. பழைய மகாபலிபுரம் சாலையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, நம் படிப்பு வட்டத்துப் பையன். “அண்ணா, ஒரு வாரத்து வேலை” என்றான்.

பாக்ஸ்புரோவை 1992இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 2004இல் கடைசிப் பதிப்பு வந்தது. 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நின்றுவிட்டது. ஆனால் அதன் கோப்பு எளிமையானது, இன்றைய கருவிகள் சுலபமாகப் படிக்கும். சிக்கல் வேறு இடத்தில். ஒன்று, எழுத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார். தட்டச்சு மாதிரி கொம்பை முதலில் போட்டுப் பிறகு எழுத்தைப் போடுவார்கள். அதனால் அகரவரிசைப்படுத்தினால் செல்லம்மா, பெருமாள், கொளஞ்சி மூன்று பேரும் ஒரே கொம்பின் கீழ் வந்து நிற்பார்கள். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். அந்தப் பட்டியலை நான் எழுதினேன், தம்பி பைத்தானில் நிரலாக்கினான்.

இரண்டாவது, குறிப்பு. நீளமான குறிப்புகளை பாக்ஸ்புரோ தன் கோப்பில் வைக்காது, பக்கத்தில் தனிக் கோப்பு ஒன்றில் வைக்கும். முதன்மைக் கோப்பில் அது எங்கே இருக்கிறது என்கிற எண் மட்டும்தான். யாராவது முதன்மைக் கோப்பை மட்டும் நகல் எடுத்திருந்தால் குறிப்பெல்லாம் போச்சு. பயந்துகொண்டே தேடினோம். இருந்தது. நம் தோழர்கள் ஓரக் கட்டத்தின் அருமை தெரிந்தவர்கள்.

எல்லாம் ஏறி முடிந்ததும் எண்ணிப் பார்த்தோம். பழைய கோப்பின் தலைப்பில் இருந்த எண்ணிக்கையைவிடப் புதியதில் 37 வரி குறைந்தது. தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: “அதெல்லாம் டெலிட் பண்ண வரிண்ணா. வேணாம்னு தூக்கிப் போட்டது. குப்பை. கருவியே அதை விட்டுடும்.”

“தூக்கிப் போட்டதுன்னா எப்படி எண்ணிக்கையில நிக்குது?”

அப்போதுதான் விளக்கினான். பாக்ஸ்புரோவில் ஒரு வரியை அழித்தால் அது உடனே அழிவதில்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பட்டியலில் தெரியாதபடி செய்துகொள்ளலாம். ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். ‘பேக்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். இங்கே யாரோ குறி போட்டிருக்கிறார்கள், பேக் கொடுக்கவில்லை.

“அதையும் எடு” என்றேன். எடுத்தான். எழுத்து மாற்றி ஓடவிட்டான். மூன்று ஊர்க்காரர்கள். அதில் 11 வரி மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊர். ஆறாவது வரியில் என் பாட்டன் பெயர். ஒரு ஏக்கர் இருபது சென்ட். பழைய எண், புதிய எண், யார் அனுபவத்தில் என்பது எல்லாம் இருந்தது. குறிப்பில் என் ஆயாவின் பேச்சு. “எம் மாமனார் வெட்டின கெணறு. கல்லு நாந்தான் சொமந்தேன். கேக்கப் போனா கேணி எங்க இருக்குன்றான்.”

ஆயா செத்துப் பதினாலு வருசம் ஆகிறது. அந்த நிலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை. எங்களுக்கு நிலமே இருந்ததில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடைகளில் அப்படித்தான் பேசியும் இருக்கிறேன்.

பழைய பதிவை ஏற்றியவர் இப்போது மயிலாப்பூரில், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அச்சடித்த தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத இன்னும் வெச்சிருக்கா அது?” என்றார்.

“யார் தோழர் அழிச்சது?”

“நான்தான். 96லன்னு நெனைக்கிறேன். ஒங்க ஊர்ல இருந்து மூணு பேர் பஸ் புடிச்சு அடையாறு வந்தாங்க. நாம பேர எழுதிக்கிட்டு வந்தது எப்படியோ ஊருக்குள்ள தெரிஞ்சுபோச்சு. நம்மாளுங்களுக்கு வேல கெடையாதுன்னுட்டான். மாடு வரப்புல எறங்கக் கூடாதுன்னுட்டான். பேர எடுத்துடுங்க தோழர், புள்ளைங்க அந்தத் தெரு வழியாத்தான் பள்ளிக்கூடம் போவணும்னு அழுதாங்க. அவங்க கண்ணு முன்னாடியே குறி போட்டேன். லிஸ்டுல இல்லன்னு காட்டினேன். போய்ட்டாங்க. ராத்திரி பேக் குடுக்கலாம்னு உக்காந்தேன். கை வரல தம்பி.”

கொஞ்ச நேரம் கழித்து, “வந்ததுல ஒருத்தர் ஒங்க நைனா” என்றார்.

மயிலாப்பூரிலிருந்து ரயில் பிடிக்காமல் மந்தைவெளி வரைக்கும் நடந்தேன். கோபம்தான் வந்தது. மேடையில் நான் பேசும்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் அவர். பஸ் ஸ்டாப்பில் நின்று போன் போட்டேன்.

“ஆமாண்டா, நான்தான் போனேன்” என்றார் நைனா. “நீ அப்ப ஒண்ணாங்கிளாஸ். ஒன்னயும் தங்கச்சியயும் எந்த வழியா அனுப்புறது? நெலமா, நீயான்னு கேட்டா நான் என்ன சொல்றது?” பிறகு அவரே, “ஆயாவுக்குத் தெரியாது. பேரு இருக்குன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சிட்டிருந்துச்சு” என்றார்.

பேர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

“திரும்பப் போட்றதா நைனா?”

“எம் பங்குக்குப் போடு. மத்தவங்கள நீ கேளு. அன்னிக்கு நாங்க மூணு பேரு போய்தான் பதினோரு வீட்டுக்கும் சேத்து எடுக்கச் சொன்னோம். எல்லாரையும் கேக்கல.”

தோழர்களே, இதைத்தான் நான் உங்களிடம் விவாதத்துக்கு வைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் இரண்டு கருத்து வந்தது. பயந்து திரும்பப் பெற்றதைச் சேர்க்கக் கூடாது, அது அந்த மக்களின் முடிவு என்றார் ஒருவர். உண்மை உண்மைதான், அப்படியே சேர்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டும் பாதி சரி. அவர்களைக் கேட்காமல் சேர்த்தால், சேரியைக் கேட்காமல் கணக்கெழுதிய கர்ணத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சேர்க்காமல் விட்டால் யார் மிரட்டினானோ அவன் மிரட்டல் இன்றைய புதிய கருவியிலும் செல்லுபடியாகிறது. தம்பி சொன்னதுபோலக் கருவி தானாகவே விட்டுவிடும். யாரும் தீங்கு நினைக்காமலே அது நடந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு புதிய கட்டம் போட்டோம். ‘நிலை’ என்று பெயர். அதில் ‘மிரட்டலுக்கு அஞ்சி விலக்கிக்கொண்டது’ என்று எழுதினோம், எப்போது, யார் கேட்டு என்பதோடு. குடும்பத்தார் சம்மதம் தரும்வரை அந்த வரி வெளியில் தெரியாது, ஆனால் அழியாது. பேக் பண்ண மனசு வராமல் ஒருவர் 96இல் செய்ததை, நாங்கள் இப்போது பெயர் வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு பதினோரு வீட்டையும் தேடிப் போனேன். ஊரில் ஆறு வீடு. நாலு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நிலத்தில் இப்போது கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். மனை விற்கிறவரிடம் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர், வேண்டாம் என்ற இருவரில் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு குடும்பம் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஒரு குடும்பம் பிழைக்க வந்து அடையாற்றுக் கரையில் குடிசை போட்டு, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஏழாவது மாடியில் அந்த அத்தையைப் பார்த்தேன். லிப்ட் ஓடவில்லை.

தாளைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “எங்க மாமனார் பேரு சின்னான் இல்ல கண்ணு, சின்னசாமி. மணியக்காரன் சாமின்னு எழுத மாட்டேன்னுட்டான்” என்றார். கணக்கிலும் சின்னான், நம் தோழர்கள் எடுத்த பதிவிலும் சின்னான். பழைய கணக்கை ஒரு எழுத்து விடாமல் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுத்து விடாமல் எடுத்ததில் மணியக்காரனின் சாதித் திமிரும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இப்போது ‘கணக்கில் உள்ள பெயர்’, ‘குடும்பத்தார் சொல்லும் பெயர்’ என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டாவதில் சின்னசாமி என்று அத்தை முன்னாலேயே என் செல்போனில் ஏற்றினேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொண்ணூறுகளில் ஊர் ஊராகப் போனவர்கள் வீட்டில் பழைய பிளாப்பி, பழைய ஹார்டு டிஸ்க், கையெழுத்து நோட்டு எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோப்பைத் திறந்து பார்த்து ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறிப்புக் கோப்பு கூட இருக்கிறதா என்று பாருங்கள். அழித்ததாகக் குறித்த வரிகள் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.