பேரும் பறவையும்

கிளி என்றவுடன் தமிழர்க்குப் பச்சைச் சிறகும் சிவந்த மூக்குமே நினைவில் எழும். ஆதலின், கோடை விடுமுறையிற் கொடைக்கானல் சென்ற யாம் நால்வரும், சோலைக்கிளி என்னும் பறவையைக் காண விரும்பி, விடியுமுன்னரே ஒரு சோலையினுட் புகுந்து, மரக்கொம்புகளையே அண்ணாந்து நோக்கி நின்றோம். மலையாளத்திற் கிளியென்பது சிறுபறவைகளுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கும் என்பதை யாம் அப்போது நினைந்திலேம்.

எம் காலடியருகே சருகுகள் சலசலத்தன. சிட்டுக்குருவியினும் சற்றே பெரிய கரிய உருவொன்று, தத்தித் தத்திப் பூச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தது. "குண்டுக்கரிச்சான்" என்றார் எம்முள் ஒருவர். அவ்வாறே குறிப்பேட்டில் மையால் எழுதினோம். வழிகாட்டியாய் வந்த முதியவர், "தம்பிகளா, கரிச்சான் வீட்டு முற்றத்துக்கே வரும், இது சோலையை விட்டு வெளியே வராது" என்றார். எழுத்தறியாதவர் சொல்லென்று யாம் நகைத்தோம்.

சிறிது பொழுதில் ஒளி புகுந்தது. கருமையென எண்ணியது கருநீலமாயிற்று. நெற்றியில் வெளிறிய கோடும், வயிற்றில் வெண்மையும் விளங்கின. கரிச்சானின் சிறகிலுள்ள வெள்ளைப் பட்டையோ இதற்கு இல்லை. எம் நகைப்பு அடங்கிற்று. யாம் தேடிவந்த சோலைக்கிளி அதுவே.

பின்னர் நூல்களை ஆராய்ந்தபோது, கற்றோரும் இப்பறவையின் இனத்தைத் துணிய நெடுங்காலம் இடர்ப்பட்டனர் என்றறிந்தோம். நீலகிரிச் சோலைக்கிளியை ஜெர்டன் 1844-லும், பழனிமலைப் பறவையைப் பிளான்போர்டு 1868-லும் விவரித்தனர். முன்னதன் விலாப்புறம் செம்பழுப்பு, பின்னதற்கு அந்நிறமில்லை. இடையே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கின்றது. உயர்மலைச் சோலைகளிலேயே வாழும் இப்பறவைகளுக்கு அத்தாழ்நிலம் கடல்போன்ற தடையாகும். எனினும், பிற்காலத்தார் பலர் இரண்டையும் ஓரினமென்றே கொண்டனர். மரபணு ஆராய்ச்சியின் பயனாக 2017-ஆம் ஆண்டிலேதான் இவை தமக்கென ஒரு தனிப் பேரினம் பெற்றன.

ஆதியாகமத்தில் ஆதாம் உயிர்களுக்குப் பேரிட்டான். ஆயின், அவை அவனிடத்திற் கொண்டுவரப்பட்ட பின்னரே பேரிட்டான். யாமோ பேரை முன்னிட்டுப் பறவையைப் பின்னே கண்டோம். பறவைக்கு மட்டுமா? முதியவருக்கும் அறியாதவர் என்று பேரிட்டோமன்றோ! மறுநாட் காலை அவரிடஞ் சென்று எம் பிழையைக் கூறினோம். அவர் புன்னகைத்து, "நாளைக்கும் வாங்க தம்பி, பாட்டுக் கேட்கலாம்" என்றார். குறிப்பேட்டில் அடித்தெழுதிய அவ்வரியை யாம் இன்றும் மறைத்திலேம்.