கடல் தெரிந்தது; எழுத்துத் தெரியவில்லை!

ஊவா மாகாணத்தின் எழிலை ஓரிடத்தில் நின்று காண விரும்புவோர் அப்புத்தளைக்குச் செல்லுதல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின் மேல் அமைந்த சிற்றூர் அது. வடபுறம் நோக்கினால் தியத்தலாவை, பண்டாரவளைப் பக்கத்து மலைகள் அலையலையாகத் தோன்றும். தென்புறம் நோக்கினாலோ, மலை சட்டெனச் சரிந்து, கீழே சமவெளி விரிந்து கிடக்கும். காலையில் வானம் தெளிந்திருந்தால், அச்சமவெளிக்கு அப்பால் தென்கடலும் வெள்ளிக் கோடுபோல மின்னும். நண்பகல் கழிந்ததும் மூடுபனி மேலெழுந்து கடைவீதிக்குள் புகுந்துவிடும். எதிர்க்கடையின் பெயர்ப்பலகையும் தெரியாது. தொலைவையும் அண்மையையும் ஒரே நாளில் கண்ணுக்குக் காட்டும் ஊர் இது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், நாம் அங்கே சென்றிருந்தோம். 1924-ஆம் ஆண்டில் பதுளை வரை எட்டிய மலைநாட்டு இருப்புப்பாதை, அப்புத்தளைக் கடைவீதியை உரசிக்கொண்டே செல்கின்றது. புகையிரதத்தை விட்டிறங்கி, அருகிலிருந்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் உறவினர் இல்லத்தை அடைந்தோம். எமக்குத் தங்கை முறையானவர் அங்கே கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் ஐந்தாம் தரத்திலே படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை, அச்சிறுமி விளக்கடியில் அமர்ந்து படிப்பதைக் கண்டோம். ஓர் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மற்றக் கையின் விரலை வரியின்மேல் வைத்து நகர்த்தினாள். படித்த வரியையே மீண்டும் படித்தாள். சிறிது நேரத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டாள்.

“புத்தகத்தை எடுத்தாலே தலைவலி வந்துவிடும், தம்பி. எல்லாம் சோம்பல்தான். இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வேறு இருக்கிறது” என்றார் அவளுடைய அப்பாயி.

சிறுமி தலைகுனிந்தாள். பள்ளியிலும் அவளுக்குக் கிடைத்த பெயர் அதுவே என்று பின்னர் அறிந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் லிப்டன் சீட்டுக்குப் புறப்பட்டோம். தேயிலை வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற தோமஸ் லிப்டன் 1890-ஆம் ஆண்டில் கட்டுவித்த டம்பதென்னத் தொழிற்சாலையைக் கடந்து, தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. வழியெங்கும் கூடை சுமந்த பெண்கள். எட்டிய கொழுந்தில் ஒரு கணம் பதியும் அவர்களுடைய பார்வை, மறுகணம் கால் வைக்க வேண்டிய பள்ளத்தை அளந்து, மீண்டும் கொழுந்துக்கே திரும்புகின்றது. கண்ணும் கையும் காலும் ஒத்துழைக்கும் அந்த நேர்த்தியை என்னென்று சொல்வது!

உச்சியை அடைந்தபோது பனி இன்னும் எழவில்லை. “மாமா, அதோ கடல்!” என்று முதலிற் கூவியவள் எம்முடன் வந்த அச்சிறுமியே. எம் கண்களுக்கு அது புலப்படச் சற்று நேரமாயிற்று. இத்துணைக் கூரிய கண்ணுடையவள் ஏன் படிக்க இடர்ப்படுகிறாள் என்ற ஐயம் எழ, பையிலிருந்த பத்திரிகையை எடுத்துக் கொடுத்தோம். உடனே அவளுடைய கை ஒரு கண்ணை மூடிற்று.

“ஏன் அம்மா மூடுகிறாய்?”

“இரண்டு கண்ணாலும் பார்த்தால் எழுத்து இரண்டாகப் போய்விடும், மாமா. எல்லாருக்கும் அப்படித்தானே?”

அவ்வினா எம்மைத் திடுக்கிட வைத்தது. பிறவி தொட்டுத் தான் காண்பதையே உலகமென்று கொள்ளும் குழந்தை, தனக்கொரு குறை உண்டென்று எவ்வாறு முறையிடும்?

அந்த வாரமே தாயும் மகளும் பதுளைக்குச் சென்று கண் வைத்தியரைக் கண்டனர். சுவரில் தொங்கிய அட்டையின் சிறிய எழுத்துக்களைச் சிறுமி தடையின்றி வாசித்தாள். பின்னர் வைத்தியர் ஒரு பென்சிலின் நுனியை அவள் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டு வந்தார். பாதி வழியிலேயே ஒரு கண் நழுவி வெளிப்புறம் விலகியது. குறை விளங்கிவிட்டது.

தொலைவிலுள்ள பொருளைக் காணும்போது நம் இரு கண்களும் ஏறக்குறைய ஒன்றற்கொன்று இணையாக நேரே நோக்குகின்றன. அண்மையிலுள்ள எழுத்தைக் காண, இரண்டும் உட்புறம் திரும்பி ஒரே புள்ளியிற் குவிதல் வேண்டும். இக்குவிதல் தளர்ந்தால் ஓர் எழுத்து இரண்டாகும், வரி தவறும், தலை வலிக்கும். இதனைக் குவிவுக் குறைபாடு என்பர். சுவர் அட்டையை வாசிக்கும் பரிசோதனை மாத்திரம் இதனைக் காட்டிக் கொடுக்காது. சென்னைச் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள், தமிழ்நாட்டு நகரங்களிலும் கிராமங்களிலும் 7 முதல் 17 வயது வரையான 920 மாணவர்களைச் சோதித்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேரிடம் இரு கண்களும் இணைந்து இயங்குவதில் ஏதோவொரு குறை காணப்பட்டது. அவற்றுள் குவிவுக் குறைபாடே மிகுதி.

இதற்குப் பயிற்சி உண்டு. நீண்ட நூலொன்றில் மூன்று வண்ண மணிகளைக் கோத்து, ஒரு முனையைச் சுவரிற் கட்டி, மறு முனையை மூக்கின் நுனியிற் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாக நோக்குவது அவற்றுள் ஒன்று. நோக்கும் மணி ஒன்றாகவும், முன்னும் பின்னுமுள்ள மணிகள் இரண்டிரண்டாகவும், நூல் இரண்டாகி அம்மணியிலே குறுக்கிடுவதாகவும் தோன்றினால், இரு கண்களும் ஒருங்கே உழைக்கின்றன என்று பொருள். இதுபோன்ற பயிற்சிகள் பல சேர்ந்ததே பார்வைப் பயிற்சிச் சிகிச்சை.

இதன் பயன் என்ன? அமெரிக்காவில் இக்குறையுடைய 221 சிறுவரை வைத்து நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரம், வாரந்தோறும் பயிற்சியாளரிடம் சென்று, வீட்டிலும் பழகியவர்களில் நூற்றுக்கு 73 பேர் முழுக்குணமோ நல்ல முன்னேற்றமோ பெற்றனர். வீட்டில் பென்சிலை மாத்திரம் பார்த்துப் பழகியோருள் 43 பேருக்கே அப்பயன் கிட்டியது. பயிற்சி என்ற பெயரில் வெறும் பாவனை செய்தவர்களிலும் 35 பேர் தேறியிருந்தனர். ஆகவே, வழிகாட்டியின்றி வீட்டில் செய்யும் பயிற்சியை நம்பி இருந்துவிடுதல் போதாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. இப்பயிற்சி எல்லாக் கண்நோய்க்கும் மருந்தன்று. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி நீண்டுவிடுவதால் நேர்வது. கண்ணைச் சுழற்றிப் பழகினால் மூக்குக்கண்ணாடியை எறிந்துவிடலாம் என்று 1920-இல் அமெரிக்க வைத்தியர் பேற்ஸ் எழுதியதை அறிவியல் ஏற்கவில்லை. மாறுகண்ணும் சோம்பற்கண்ணும் உடைய குழந்தைகளை இளவயதிலேயே வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது. கிட்டப்பார்வை வராது தடுக்க ஓரளவு உதவுவது வெளிச்சத்தில் விளையாடுவதே. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளிடையே, மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை குறைவாகவே தோன்றியதாக 2015-இல் அறிந்தனர்.

நம் சிறுமிக்கு வாரந்தோறும் பயிற்சி வேண்டும் என்றதும் வீட்டில் கவலை சூழ்ந்தது. கொழும்பிலுள்ள அத்தை வீட்டில் மூன்று மாதம் தங்கினாலன்றி அது இயலாது. பரீட்சை ஆண்டிலே பாடம் தவறும். கூடச் செல்லும் தாய்க்கு நாட்சம்பளமும் போகும். எல்லோரும் தயங்கி நிற்கையில், அப்பாயியே பேசினார்.

“பரீட்சை போனால் போகட்டும். தெரியாமல் நான்தான் பிள்ளையைத் திட்டிவிட்டேன். கூட்டிக்கொண்டு போங்கள்.”

காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவரும் அவரே.

மறுமாசியில் நாம் மீண்டும் அப்புத்தளைக்குச் சென்றபோது, சிறுமி வாயிலுக்கே ஓடிவந்தாள். பரீட்சையிலே வெட்டுப்புள்ளியை எட்டவில்லை என்று அவளே சொன்னாள். அதில் வியப்பில்லை. கண் திருந்தினாலும் படிப்பறிவு தானாக வளர்ந்துவிடாது. 311 சிறுவரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும், பயிற்சி பெற்றோரின் வாசித்து விளங்கும் திறன் பாவனைப் பயிற்சி பெற்றோருடையதைவிட உயரவில்லை. பயிற்சி தடையை நீக்கும். அதன்பின் நடக்க வேண்டியது பிள்ளையே.

அன்று மாலை பனி வந்து லயத்தை மூடிற்று. சிறுமி ஞாயிறு இதழை விரித்து, அப்பாயிக்குக் கதை வாசிக்கத் தொடங்கினாள். ஒரு கை தாளைப் பிடித்திருந்தது. மறு கை அப்பாயியின் மடியில் கிடந்தது. கண்ணை மூடக் கை எழவில்லை. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் புரண்டது.

பெற்றோரே, உபாத்தியாயர்களே! உங்கள் பிள்ளை ஒரு கண்ணை மூடிப் படித்தால், வரி தவறினால், புத்தகத்தைக் கண்டதும் தலைவலி என்றால், சோம்பேறி என்று சொல்லுமுன் “எழுத்து உனக்கு எப்படித் தெரிகிறது?” என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க, எமக்குக்கூட அப்புத்தளை மலையின் உச்சி வரை ஏற வேண்டியிருந்தது.